மஞ்சள் நல்லதுதான்... ஆனா அந்த 'பளிச்' கலர் எங்கிருந்து வருது?

ஈரோடு பஸ் ஸ்டாண்டுல இருந்து பெருந்துறை போற பிரைவேட் பஸ்ல காலை நேரத்துல ஏறியிருக்கீங்களா? ரெண்டு பாட்டு, நாலு விளம்பரம், அப்புறம் எஃப்.எம்-ல டாக்டர்கிட்ட போன் போட்டுக் கேக்குற நிகழ்ச்சி. சுகர், மூட்டுவலி, முடி கொட்டுறது எல்லாம் வரிசையா வரும். நடுவுல எப்படியும் ஒருத்தர் லைன்ல வந்துடுவார்: "ஏனுங் டாக்டர், தெனமும் மஞ்சப் பால் குடிக்கலாமுங்களா?"

"தாராளமா குடிக்கலாம்மா, மஞ்சள் ஒரு கிருமிநாசினி"ன்னு பதில் வரும். அடுத்து விளம்பரம். கூடவே ஒரு மசாலா கம்பெனியோட ஜிங்கிளும் ஓடலாம்.

மஞ்சள் உடம்புக்கு நல்லதாங்கிற கேள்வியை நாம நூறு தடவை கேட்டாச்சு. இன்ஸ்டா ரீல்ஸ்ல 'கோல்டன் லாட்டே' வரைக்கும் போயாச்சு. ஆனா, 'டப்பாவுல இருக்குற தூள் முழுக்க மஞ்சள்தானா?'ன்னு கேக்க லைன்ல வர்றவங்க ரொம்பக் கம்மி. மஞ்சள் மாநகர்னு பேர் வாங்கின ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, நாமதான் அதை முதல்ல கேட்டிருக்கணும்.

முதல்ல அந்த போன் கேள்வியையே முடிச்சிடலாம்.

மஞ்சளோட நிறத்துக்குக் காரணம் குர்குமின்ங்கிற பொருள். சாதாரண மஞ்சள் தூள்ல அது சுமார் 3 சதவிகிதம்தான் இருக்கும். மேகாலயாவோட லக்காடாங் மஞ்சள்ல 7 சதவிகிதம் அளவுக்குப் போகும். நீங்க பால்ல போடுற அரை ஸ்பூன் தூள் ஒன்றரை கிராம்னு வச்சுக்கங்க. உள்ள போற குர்குமின் 45 மில்லிகிராம். அதுலயும் பெரும்பகுதி ரத்தத்துல கலக்காமலே வெளியேறிடும். 1998-ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்குற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தப்ப, உடம்புல சேர்ற அளவு 2000 சதவிகிதம் கூடுச்சு. இன்னைக்கு மஞ்சப் பால்ல மிளகு தட்டிப் போடச் சொல்ற எல்லா ரீல்ஸுக்கும் ஆதாரம் இதுதான். எங்க அமுச்சி இந்த ஆராய்ச்சியெல்லாம் படிச்சதில்ல. சளி பிடிச்சா மிளகு தட்டிப் போட்டுத்தான் கொடுப்பாங்க.

அது சரி, மஞ்சளால நோய் குணமாகுமா? 2017-ல வேதியியல் ஆய்வாளர்கள் குழு ஒண்ணு, குர்குமின் பத்தி நடந்த 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளை அலசிட்டு, முறையா நடந்த சோதனை எதுலயும் அது மருந்தா ஜெயிக்கலைன்னு எழுதுச்சு. இதை வச்சு மஞ்சளே வேஸ்ட்னு சொல்ல வரல. சமையல்ல அது மஞ்சள், மருந்துக்கடையில அது மருந்துன்னு ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். 500 மில்லிகிராம் குர்குமின் கேப்ஸ்யூல் ஒண்ணுக்குள்ள, கணக்குப் பார்த்தா அஞ்சாறு டீஸ்பூன் மஞ்சள் தூளோட சாரம் இருக்கு. எந்தக் குழம்புலயும் யாரும் அவ்வளவு போட மாட்டாங்க. இப்படிப்பட்ட மாத்திரைகளால கல்லீரல் பாதிக்கப்பட்டவங்க பத்தி இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் மருத்துவப் பதிவுகள் வந்திருக்கு. ஜிம்ல பக்கத்து டிரெட்மில் அண்ணா சொன்னார்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

மஞ்சள் யாருக்குச் சொந்தம்னே ஒரு சண்டை நடந்தது ஞாபகம் இருக்கா? நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியா இருக்கலாம். காயத்துக்கு மஞ்சள் பூசுறதுக்கு 1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துட்டாங்க. நம்ம சி.எஸ்.ஐ.ஆர் எதிர்த்துப் போய், பழைய நூல்களை ஆதாரமா நீட்டி, 1997-ல அதை ரத்து பண்ண வச்சது. மஞ்சளோட பெருமைக்கு நாம அப்படிச் சண்டை போட்டோம். அதோட சுத்தத்துக்கு அந்த வேகம் வரல.

பளபளப்புக்குப் பின்னாடி

மஞ்சள் எப்படி உங்க டப்பாவுக்கு வருதுன்னு தெரிஞ்சாதான் இந்தக் கதை புரியும். வைகாசி, ஆனி வாக்குல நட்டா தை, மாசியில வெட்டு. பொங்கப் பானையில கட்டுற மஞ்சக் கொத்து, வெட்டுக்குக் காத்திருக்குற அதே செடிதான். தோண்டின கிழங்கை வேகவச்சு, பத்துப் பதினஞ்சு நாள் களத்துல காயப்போடுவாங்க. காஞ்ச மஞ்சள் பார்க்க அழகாவே இருக்காது. கறுத்து, வேரும் செதிலுமா, சுருங்கிப் போயிருக்கும். அதை டிரம்முல போட்டுச் சுத்துவாங்க. உரசி உரசி மேல்தோல் போகும், மஞ்சள் வெளிய தெரியும். இதுதான் பாலிஷ். கடைசியில கொஞ்சம் மஞ்சள் தூளையே தூவிச் சுத்துறதும் வழக்கம்தான், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அப்புறம் விரலி தனி, கிழங்கு தனியா பிரிச்சு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மூட்டையில போகும். வியாபாரிங்க வந்து சாம்பிள் பார்த்து விலை போடுவாங்க.

எப்படிப் பார்ப்பாங்க? விரலியை எடுத்துப் பட்டுனு உடைப்பாங்க. உடையுற சத்தத்துல ஈரம் தெரியும், உள்பக்க நிறத்துல தரம் தெரியும். எங்க அமுச்சியும் சந்தையில அப்படித்தான் செய்வாங்க. ரெண்டு விரலியை உடைக்காம வாங்க மாட்டாங்க. கடைக்காரர் முறைச்சா, "நீ வெளிய காட்டறத நான் எதுக்குப் பாக்கோணும்?"னு ஒரே போடு.

இப்ப நாம வாங்குறது தூள். உடைச்சுப் பார்க்க அதுல ஒண்ணுமில்ல. பாக்கெட்டை வெளிச்சத்துல பிடிச்சு, எது 'பளிச்'னு இருக்கோ அதை எடுத்துட்டு வர்றோம். இந்த இடத்துலதான் லெட் குரோமேட் நுழையுது.

பேரு புதுசா இருக்கலாம், கலர் உங்களுக்குப் பழக்கமானதுதான். வான்காவோட சூரியகாந்தி ஓவியங்கள்ல இருக்குற குரோம் மஞ்சள் அதுதான். அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு 1939-ல மஞ்சள் நிறம் முடிவு பண்ணினப்போ, அந்தப் பெயின்ட்லயும் அதுதான் இருந்துச்சு. மங்காத, மழையில கரையாத, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அதோட எடையில கிட்டத்தட்ட 64 சதவிகிதம் ஈயம். பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் செஞ்ச சாயம். அதைக் கொஞ்சம் எடுத்து பாலிஷ் டிரம்முல போட்டா, சரியா காயாத, கறுத்துப்போன, பூச்சி அரிச்ச மஞ்சளும் முதல் தரமா மாறிடும்.

வங்கதேசத்துல கண்டுபிடிச்ச கதை

இது வெறும் சந்தேகமா இல்லாம ஆதாரத்தோட நிரூபணமானது வங்கதேசத்துல. அங்க கிராமங்கள்ல கர்ப்பிணிப் பெண்களோட ரத்தத்துல ஈயம் அதிகமா இருக்குறதை ஆய்வாளர்கள் பார்த்தாங்க. பக்கத்துல ஃபேக்டரி இல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிஞ்சு பல வருஷம் ஆச்சு. அப்புறம் எங்கிருந்து வருது? பூச்சிமருந்து, டின் டப்பா, மண், சமையல் பாத்திரம்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டாங்க. அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவுல இருக்குற ஐ.சி.டி.டி.ஆர்.பி ஆய்வு மையமும் சேர்ந்து, ரத்தத்துல இருந்த ஈயத்தோட ஐசோடோப் ரேகையை ஒவ்வொரு பொருளோடவும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கைரேகை மாதிரிதான் அது. பொருந்தினது மஞ்சள் தூள்ல இருந்த சாயம். 2019-ல முடிவு வெளியாச்சு.

அதுக்கு அப்புறம் ஜென்னா ஃபோர்சைத் தலைமையிலான அந்தக் குழு மஞ்சள் விளையுற மாவட்டங்களுக்குப் போய், விவசாயிங்க, பாலிஷ் போடுறவங்க, வியாபாரிங்கனு எல்லார்கிட்டயும் பேசுச்சு. இந்தப் பழக்கம் 1980-கள்ல பெரு வெள்ளம் வந்து மஞ்சள் நனைஞ்சு கறுத்துப் போனப்ப ஆரம்பிச்சதா சொன்னாங்க. அந்த வருஷத்து நஷ்டத்தைச் சமாளிக்க வந்த சாயம், 'பளிச்' மஞ்சள் கேட்டு ஜனங்க பழகிட்டதால அப்படியே நின்னு போச்சு. சாயம் போட்ட பல பேருக்கு அது விஷம்ங்கிறதே தெரியாது. வெறும் கையால அள்ளிப் போட்டவங்கதான் அதை முதல்ல சுவாசிச்சவங்களும்.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் விஷயத்தைக் கையில எடுத்துச்சு. மொத்த சந்தைகள்ல ஆயிரக்கணக்குல நோட்டீஸ் ஒட்டினாங்க. துப்பாக்கி மாதிரி கையில பிடிக்கிற எக்ஸ்-ரே கருவியோட மொத்த மார்க்கெட்டுல ரெய்டு போனாங்க. சில நொடியில ஈயம் இருக்கா இல்லையான்னு அந்தக் கருவி சொல்லிடும். மாட்டின மொத்த வியாபாரிகளுக்கு அபராதம். அது டி.வி-யில ஓடுச்சு. 2019-ல சந்தை மஞ்சள் சாம்பிள்கள்ல 47 சதவிகிதத்துல ஈயம் இருந்துச்சு. 2021-ல பூஜ்ஜியம். மில் தொழிலாளர்களோட ரத்தத்துல ஈய அளவும் கணிசமா குறைஞ்சுது. இதுக்கு ஆனது ரெண்டே வருஷம். புது மருந்து, புது டெக்னாலஜி எதுவும் தேவைப்படல.

அடுத்து அதே ஆய்வாளர்கள், 'மத்த நாடுகள்ல எப்படி?'ன்னு கிளம்பினாங்க. 2020 டிசம்பர்ல இருந்து 2021 மார்ச் வரைக்கும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம்னு 23 நகரங்கள்ல 356 சாம்பிள் எடுத்தாங்க. விரலி, தூள், பாக்கெட், உதிரி எல்லாமே. 2024-ல வந்த முடிவுப்படி, 14 சதவிகித சாம்பிள்ல கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல ஈயம். பாட்னா, கராச்சி, பெஷாவர் மூணு ஊர்லயும் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டின மஞ்சள் கிடைச்சுது. அதைச் சாப்பிடுற குழந்தையோட ரத்தத்துல ஈயம், அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கவலைப்படச் சொல்ற அளவைவிட 10 மடங்கு வரைக்கும் போகலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க.

அந்த மூணு ஊர்ல ஈரோடு இல்லை. இதை அழுத்திச் சொல்லணும். ஏன்னா இப்படி ஒரு கட்டுரை வந்தாலே, 'ஈரோட்டு மஞ்சள்ல விஷம்'னு யாராவது வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடுவாங்க. ஒம்பது மாசம் தண்ணி கட்டி, களை எடுத்து, வேகவச்சு, காயவச்ச விவசாயி சாயம் போடுறதில்ல. அவர் மஞ்சளைக் கறுப்பா மூட்டையில கொண்டு வந்தாலும் நியாயமான விலை கிடைச்சா, பாலிஷே அவருக்குத் தேவையில்ல.

ஆனா நம்ம நிம்மதிக்கு அது போதாது. ஈரோட்டு மார்க்கெட்டுக்குக் கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரான்னு பல பக்கத்து மஞ்சளும் வருது. இங்கிருந்து நாடு முழுக்கப் போகுது. உங்க வீட்டுப் பாக்கெட்ல இருக்குறது எந்த ஊர் மஞ்சள், எத்தனை கை மாறி வந்துச்சுன்னு அட்டையில இருக்காது. 2019-ல 'ஈரோடு மஞ்சள்' புவிசார் குறியீடு வாங்குச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா புவிசார் குறியீடு சொல்றது எங்க விளைஞ்சதுங்கிறதை மட்டும்தான். அதுக்கப்புறம் என்ன கலந்ததுங்கிறது அதோட வேலை இல்ல.

விலை ஏறும்போது கவனம் இன்னும் கூடணும். 2024 மார்ச்ல ஈரோட்டுல மஞ்சள் குவிண்டால் 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டுச்சு. விவசாயிக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல காலம், சந்தோஷம்தான். ஆனா எந்தப் பொருளா இருந்தாலும், விலை ஏற ஏற மட்டமான சரக்கை மேல்தரமாக் காட்டுறவனுக்குக் கிடைக்கிற லாபமும் ஏறும். அந்த வருஷங்கள்ல டெஸ்ட்டும் கூடணும் இல்லையா?

நம்ம குழம்புக்கு ஒரு நியாயம்

ஈயம் என்ன பண்ணும்? பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு ஈயத்துக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பெரியவங்க வயித்துல உறிஞ்சுறதைவிட சின்னக் குழந்தைங்க உடம்பு 4, 5 மடங்கு அதிகமா ஈயத்தை உறிஞ்சும். மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு, நடத்தை எல்லாத்தையும் தொடும். ரத்தத்துல ஹீமோகுளோபின் உருவாகுறதைத் தடுக்கும். இரும்புச் சத்து குறைஞ்ச குழந்தை ஈயத்தை இன்னும் கூடுதலா உறிஞ்சும். நம்ம நாட்டுல 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைகள்ல 67 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்ப நல ஆய்வு சொல்றதையும் இதோட சேர்த்துப் பாருங்க. உள்ள போன ஈயம் எலும்புல போய் உட்கார்ந்துக்கும், வருஷக்கணக்கா இருக்கும். அந்தப் பெண் வளர்ந்து கர்ப்பமாகும்போது எலும்புல இருந்து மறுபடி ரத்தத்துக்கு வந்து வயித்துல இருக்குற குழந்தைக்கும் போகும். பல வருஷம் வெளியில எந்த அறிகுறியும் தெரியாது. வாந்தி, மயக்கம்னு வந்திருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்போம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அந்த ஆய்வு நடந்த சமயத்துல இந்தியாவுல மஞ்சளுக்கு அனுமதிச்ச ஈய வரம்பு கிராமுக்கு 10 மைக்ரோகிராம். ஒரு குழந்தை ஒரு நாளைக்கு, சாம்பார், பொரியல், பால் எல்லாம் சேர்த்து அரை கிராம் மஞ்சள் சாப்பிடுதுன்னு வைங்க. வரம்புக்கு உட்பட்ட, சட்டப்படி சரியான மஞ்சள்லயே 5 மைக்ரோகிராம் ஈயம் உள்ள போகலாம். குழந்தைகளுக்கு எல்லா உணவுல இருந்தும் சேர்த்து ஒரு நாளைக்கு இதுக்கு மேல போனா கவலைப்படணும்னு அமெரிக்க உணவு நிர்வாகம் குறிச்சு வச்சிருக்கிற அளவு 2.2 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல இருந்து வேர், கிழங்கு வகை மசாலாக்களுக்கு வச்சிருக்கிற வரம்பு கிராமுக்கு 1.5.

அதாவது, இங்க விளைஞ்ச மஞ்சள் ஜெர்மனிக்குப் போகணும்னா 1.5-க்குள்ள இருக்கணும். டெஸ்ட் ரிப்போர்ட் வேணும், தப்பினா கன்டெய்னர் திரும்பி வரும். ஏற்றுமதி பண்றவங்களுக்கு இது நல்லாவே தெரியும், அதுக்கேத்த மாதிரி சரக்கைத் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புறாங்க. ஆகவே சுத்தமான மஞ்சள் நம்மால முடியாத காரியமே இல்ல. செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம், வெளிநாட்டுக்கு. அந்தப் பரிசோதனையை நம்ம ரேஷன் கார்டு இருக்குற வீட்டுக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லி யாரும் நெருக்கல, அவ்வளவுதான்.

நியாயமாச் சொன்னா, சட்டத்துல ஓட்டை மட்டும் இல்ல. மஞ்சளுக்கான தரத்துல லெட் குரோமேட் சோதனை 'இல்லை'ன்னு வரணும்னு எழுதியே இருக்கு. தூளாக்கின மசாலாவை பேக் பண்ணாம விக்கக் கூடாதுன்னும் விதி இருக்கு. நம்ம ஊர் வாரச்சந்தையில உதிரி மஞ்சத்தூளைக் குவிச்சு வச்சு விக்கிறதைப் பார்க்காத ஆளு இருக்கீங்களா? விதி எழுதின காகிதத்துக்கும் சந்தைக்கும் நடுவுல போக வேண்டியது அந்த எக்ஸ்-ரே துப்பாக்கிதான்.

தேசிய மஞ்சள் வாரியம் 2025 பொங்கல் அன்னைக்குத் தொடங்கியாச்சு. தலைமையிடம் தெலங்கானாவோட நிஜாமாபாத். ஈரோட்டுக்கு வரலையேங்கிற வருத்தம் நம்ம பக்கம் நிறைய பேருக்கு இருக்கு, நியாயமும் கூட. 2030-க்குள்ள 100 கோடி டாலர் ஏற்றுமதிங்கிறது அரசு சொல்ற இலக்கு. நல்ல இலக்குதான். ஆனா இந்தியா விளைவிக்கிற மஞ்சள்ல பெரும்பங்கைச் சாப்பிடுறது நாமதான். ஏற்றுமதிக் கணக்குல நாம வர மாட்டோம். என்னைக் கேட்டா, ஈரோடு வாரியத்துக்குக் காத்திருக்கவே வேண்டியதில்ல. விற்பனைக்கூடத்துலயும் பாலிஷ் மில்லுலயும் மாசா மாசம் சாம்பிள் எடுத்து, கருவியில வச்சு, ரிசல்ட்டை வாசல் போர்டுல எழுதிப் போடட்டும். 'ஈரோடு மஞ்சள்'ங்கிற பேருக்கு புவிசார் குறியீட்டைவிட அந்த போர்டு பெரிய மதிப்பு கொடுக்கும். சாயம் போடாத வியாபாரிக்கும் அதுதான் பாதுகாப்பு. இப்ப போட்டியில தோக்குறது அவர்தானே, அவரோட மஞ்சள் மங்கலாத் தெரியுறதால.

'இதெல்லாம் நடக்குற காரியமா?'ன்னு கேக்கத் தோணும். நடந்திருக்கு. 1990-கள் கடைசியில இந்திய நகரங்கள்ல குழந்தைங்க ரத்தத்தைச் சோதிச்சப்ப பாதிப் பேருக்கும் மேல ஈயம் கூடுதலா இருந்துச்சு. 2000-ல நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்க. அப்புறம் பெயின்ட்டுக்கு வரம்பு வந்துச்சு, 90 பி.பி.எம்னு. பெட்ரோல்ல எடுத்தோம், சுவத்துல எடுத்தோம். சாப்பாட்டுல பாக்கி நிக்குது.

இது நம்ம பக்கத்துப் பிரச்னை மட்டும்னும் நினைக்க வேண்டாம். 2023-ல அமெரிக்காவுல ஆப்பிள் கூழ் பாக்கெட் சாப்பிட்ட நூத்துக்கணக்கான குழந்தைங்க ரத்தத்துல ஈயம் ஏறுச்சு. அதுல சேர்த்த லவங்கப்பட்டை தூள்லதான் லெட் குரோமேட் இருந்துச்சு. பட்டையா வந்தப்போ இல்ல. ஈக்வடார்ல தூளாக்குற இடத்துல கலந்ததுன்னு விசாரணையில தெரிஞ்சுது. அங்கயும் தூள்தான் வழி.

சரி, வீட்டுல நீங்க என்ன பண்ணலாம்? யூடியூப்ல வர்ற கிளாஸ் டெஸ்ட் தெரியும்ல, தண்ணியில மஞ்சள் தூள் போட்டு நிறம் பார்க்கிறது. அதைச் செய்யலாம், தப்பில்ல. தண்ணியில கரையுற மட்டமான சாயங்கள் சிலதைக் காட்டிக் கொடுக்கும். ஆனா லெட் குரோமேட் தண்ணியில கரையாது, மஞ்சளோட சேர்ந்து அடியில சாதுவா உட்கார்ந்துக்கும். டெஸ்ட்ல பாஸாயிடுச்சேன்னு நம்பிட வேண்டாம். சுண்ணாம்பு போட்டா செவப்பாகுதான்னு பார்க்கிற ஆரத்தி டெஸ்ட்டும் அப்படித்தான். மஞ்சள் இருக்குன்னு சொல்லும், வேற எதுவும் இல்லைன்னு சொல்லாது.

அமுச்சி வழிதான் இன்னமும் நல்ல வழி. முழு விரலியா வாங்குங்க. பாலிஷ் கம்மியா, கொஞ்சம் அழுக்கு மஞ்சளா இருந்தா முகம் சுளிக்காதீங்க. உடைச்சுப் பாருங்க. உள்ள ஆரஞ்சா, வெளிய மங்கலா இருந்தா அது இயல்பு. வெளிய தகதகன்னு, உள்ள வெளுத்துப்போய் இருந்தாலோ, தேய்ச்சா கையில கொத்தா நிறம் ஒட்டினாலோ வச்சிட்டு வந்துடுங்க. நல்லாக் கழுவி, காயவச்சு, தெரு மில்லுல அரைச்சுக்கங்க. ஈரோட்டுல இருக்குறவங்களுக்கு இது பெரிய வேலையே இல்ல. வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்குறவங்க ஊருக்கு வரும்போது அம்மா கட்டிக் கொடுக்குற பொட்டலத்தை 'வெயிட்டு'ன்னு சொல்லாம வாங்கிட்டுப் போங்க. வீட்டுல சின்னக் குழந்தையோ, கர்ப்பிணியோ இருந்து சந்தேகம் வந்தா, ரத்தத்துல ஈய அளவு பார்க்கிற டெஸ்ட் பெரிய லேப்கள்ல இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு எடுக்கலாம்.

பாக்கெட்டோ உதிரியோ, சந்தேகமா இருந்தா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யோட 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப்ல புகார் போடலாம். இன்னொரு வழியும் இருக்கு, பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. அதிகாரியா இருக்கணும்னு இல்ல. சாதாரணமா கடையில வாங்குற நீங்களே கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட பொருளைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கலாம். பொருள் தரம் தவறினதுன்னு வந்தா கட்டின பணமும் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: 'இதை டெஸ்ட்டுக்குக் கொடுக்கப் போறேன்'னு வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சொல்லிடணும்.

கால் கிலோ மஞ்சத்தூளைக் கையில வச்சுக்கிட்டு அண்ணாச்சிகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். சொன்னதும் அவர் பாக்கெட்டைத் திரும்ப வாங்கி வச்சிட்டு, "வேற கடை பாருங்க தம்பி"ன்னு சொன்னார்னா, லேப் கட்டணம் மிச்சம்.